தொண்டை வரைக்கும்

அரசாங்கத்தில் நாக்குக்கென்று ஒரு பணியிடம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இருக்கிறது. அதற்குச் சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு, வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனையும் உண்டு. ஓய்வு பெறும்போது நாக்கை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கைகூட இருக்கிறது. யாரோ ஒருவர் அந்தச் சந்தேகத்தை எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்.

அந்த அலுவலகத்தின் பெயர் உணவு முகப்பு வாரியம். டப்பாக்களின் முன்பக்கத்தில் என்ன அச்சடிக்கலாம், என்ன அச்சடிக்கக் கூடாது என்று தீர்மானிப்பது அதன் வேலை. பின்பக்கத்துக்கு வேறொரு வாரியம் அமைப்பதாக இருந்தார்கள். அதற்கான குழு கூடி, குழுவுக்கு நாற்காலி வாங்குவது வரை வந்து நின்றுவிட்டது. ஆகையால் டப்பாவின் பின்பக்கம் இன்றுவரை அனாதைதான்.

நம்முடைய ஆள் அந்த வாரியத்தில் பதினாறு வருடமாக ‘இனிப்பு அறிநர், நிலை இரண்டு’. அலுவலகத்தில் எல்லாரும் நாக்குக்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். தேர்வில் மற்ற பதினோரு பேரும் விழித்துக்கொண்டு நின்றபோது இவர் மட்டும் மூன்றாவது வாளியைக் காட்டினார். அன்றைக்கு வந்த வேலை.

வாரியத்தின் ஒன்பதாம் விதி ஒரே வரி: சர்க்கரை என்பது நாவில் இனிப்பது. இந்த விதியை எழுதியவர்கள் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய படங்கள் கூட்ட அறைச் சுவரில் வரிசையாக, ஒருவரும் சிரிக்காமல் இருக்கின்றன. விதி மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. எந்தக் கம்பெனியாவது தன் டப்பாவில் ‘சர்க்கரை இல்லை’ என்று போட்டுக்கொள்ள விரும்பினால், அந்தப் பண்டத்தை நாக்குக்காரர் சுவைக்க வேண்டும். இனிக்கவில்லை என்றால் சர்க்கரை இல்லை. ஒரு வட்ட முத்திரை கிடைக்கும். அதில் நாக்கின் படமும் அதன் கீழே பதினான்கு என்ற எண்ணும் இருக்கும். பதினான்கு என்பது நம்முடைய ஆள்தான்.

சுவை அமர்வு நடக்கும் நாளில் அவர் காப்பி குடிக்கக் கூடாது, காரம் தொடக் கூடாது, யாருடனும் சண்டை போடக் கூடாது. மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு எழுத்தர் நின்று ‘கொப்பளித்தார்’ என்று மூன்று முறை பதிவேட்டில் எழுதுவார். பிறகு உறுப்பினர்கள் எழுந்து நிற்க, ஒரு தேக்கரண்டிப் பண்டம் நாக்கில் வைக்கப்படும். பத்து எண்ணுவார்கள். மணி அடிக்கும். இயக்குநர் கேட்பார்: “இனிக்கிறதா?”

பதில் இரண்டே இரண்டுதான். இனிக்கிறது, இனிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர் ஒருமுறை “கொஞ்சம்” என்று சொல்லிவிட்டார். அந்தக் கோப்பு எந்த அலமாரியிலும் வைக்க முடியாமல் எட்டு மாதம் ஒரு ஜன்னல் விளிம்பில் கிடந்து, மழையில் நனைந்து, கடைசியில் காணாமல் போனதாக முடித்துவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த விஷயத்துக்கும் கொஞ்சம் என்று சொல்வதில்லை. வீட்டில் மனைவி குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாலும் “இருக்கிறது” அல்லது “இல்லை”தான்.

இவ்வளவு பெருமையையும் உண்மையிலேயே பெருமை என்று நம்பிய ஒரே ஆள் அவருடைய அக்கா.

அக்கா தையற்காரி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவள். இப்போது தம்பி வீட்டின் பின்னறையில் தையல் இயந்திரமும் அவளுமாக இருக்கிறாள். பதினோரு வருடமாகச் சர்க்கரை வியாதி. கடைக்குப் போனால் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பதினான்கைத் தேடுவாள். இருந்தால்தான் வாங்குவாள். “என் தம்பி வாய்ல வெச்சுப் பாத்தது. அப்புறம் என்ன பயம்?” என்று கடைக்காரரிடமும், கடைக்காரர் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர்களிடமும் சொல்லுவாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சத்துப் பவுடர் அமர்வுக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. நாக்கில் வைத்தார்கள். பத்து எண்ணினார்கள். நாக்குக்காரருக்கு மாவு தின்ற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

“இனிக்கவில்லை” என்றார். கை தட்டினார்கள். அன்றே முத்திரை.

நடைகூடத்தில் ஆய்வகத்து அம்மாள் அவரை நிறுத்தினாள். வாரியத்துக்கு ஓர் ஆய்வகமும் உண்டு, அதில் நல்ல இயந்திரங்களும் உண்டு. ஆனால் இயந்திரத்துக்கு நாக்கு இல்லை என்பதால் அதன் சாட்சியம் ஒன்பதாம் விதியின் கீழ் செல்லாது. ஆய்வகத்து அம்மாள் மாதாமாதம் அறிக்கை எழுதுவாள். அது மாதாமாதம் ‘பார்க்கப்பட்டது’ என்று திரும்பி வரும்.

“சார், அந்தப் பவுடர்ல முக்கால்வாசி மால்டோடெக்ஸ்ட்ரின்” என்றாள்.

“இருக்கட்டும்மா. என்னைக் கேட்டது இனிக்குதான்னு. இனிக்கல. வேற என்ன?”

“அதில்ல சார், அது வந்து...”

“பின்பக்கத்துல போட்டிருக்காங்களா?”

“பொடி எழுத்துல போட்டிருக்காங்க.”

“அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி இறங்கினார். கையில் கம்பெனிக்காரர்கள் மரியாதைக்குக் கொடுத்த இரண்டு டப்பாக்கள் இருந்தன. வீட்டுக்குப் போனதும் அவற்றை அக்காவின் தையல் மேசைமேல் வைத்து, “உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குக்கா. வேளைக்கு ஒரு டம்ளர் குடி. உடம்புல தெம்பு வரும்” என்றார். அக்கா முத்திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க அண்ணியையோ—அப்படித்தான் தன் தம்பி மனைவியைக் கேலியாகக் கூப்பிடுவாள், வீட்டை ஆள்கிறவள் என்பதால்—தெருவில் போகிறவர்களையோ கூப்பிட வேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். போனால், சர்க்கரை ஏறியிருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். பசித்தால் பவுடரைக் கரைத்துக் குடித்தாள். இரண்டாம் முறை போனபோது சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “வாயைக் கட்டணும்மா. வயசான காலத்துல திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிட்டா நாங்க என்ன பண்ண முடியும்? மூணாவது தடவையும் இப்படியே வந்தீங்கன்னா பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவேன்.”

“நான் எதுவும் சாப்பிடல டாக்டர்” என்றாள் அக்கா.

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க” என்றார் டாக்டர். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இனி நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நாக்குக்காரர் வீட்டுக்கு வந்து அக்காவின் அறையைச் சோதனை போட்டார். தலையணைக்கு அடியில் பார்த்தார். புடவை மடிப்புகளை உதறினார். தைத்து வைத்திருந்த சீருடைகளின் சட்டைப்பைகளுக்குள் விரல் விட்டுத் துழாவினார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாததால் தம்பி எந்த மூலையில் இருக்கிறான் என்று சத்தத்தை வைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கக்கா ஒளிச்சு வெச்சிருக்கே?”

“ஒண்ணும் இல்லடா.”

“அப்போ சர்க்கரை வானத்துல இருந்தா வருது?”

அக்கா எழுந்து, தட்டுத் தடுமாறி வந்து, அவர் தலையில் கை வைத்தாள். “உன் மேல சத்தியமா நான் எதுவும் தின்னலடா.”

“பொய்ச் சத்தியம் பண்ணவும் துணிஞ்சுட்டியா?” என்று கேட்டார் அவர், வாசலில் மனைவி நிற்கும்போதே. அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இன்னும் குறைவாகச் சாப்பிட்டாள். மூன்று டம்ளர் பவுடர் நான்காயிற்று.

ஒரு மதியம், அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில், நாக்குக்காரர் ஆய்வகத்து அம்மாளிடம் அக்காவைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். இந்த வயதில் இப்படி ஒரு நாக்கு ருசியா என்று அலுத்துக்கொண்டார்.

“அப்படி என்னதான் சாப்பிடறாங்க?” என்று கேட்டாள் அவள்.

“சோறு ஒரு கரண்டி. மத்தபடி நம்ம பவுடர்தான். அது பாதுகாப்பு.”

ஆய்வகத்து அம்மாள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். “எந்தப் பவுடர்? அந்த முக்கால்வாசிப் பவுடரா? ஐயோ சார். அது மாவுச்சத்தை உடைச்சு உடைச்சு எடுக்கிறது. உள்ள போன வேகத்துல சர்க்கரையா மாறிடும். சர்க்கரையையே சாப்பிட்டாலும் அவ்வளவுதான் ஏறும். நாக்குக்குத்தான் தெரியாது, ரத்தத்துக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கே இதைச் சொல்லத்தானே உங்களை நிறுத்தினேன்?”

நாக்குக்காரர் சட்டைப்பைகளுக்குள் விட்டுத் துழாவிய விரல்களால் இனி எப்படிச் சோறு அள்ளுவது என்று தெரியாமல் எழுந்து கை கழுவினார். நாலு பேர் முன்னால் செருப்படி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. ஒரு மனிதத் தலையைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படம். தொண்டையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

“இந்தக் கோடு என்னன்னு தெரியுமா?” என்றார் இயக்குநர். “நம்ம எல்லை. உதட்டுல ஆரம்பிச்சு தொண்டையில முடியுது. அதுக்குக் கீழ நடக்கிறது எல்லாம் சுகாதாரத் துறை. நாம எட்டிப் பாத்தா எல்லை மீறல். அவங்க நம்ம மேல கேஸ் போடுவாங்க.”

“ஆனா ஐயா, சர்க்கரை இல்லைன்னு போட்டு...”

“இல்லைதானே? மாவுச்சத்துதானே அது? உடைஞ்ச நாற்காலி நாற்காலிதான். உடைஞ்ச மாவுச்சத்தும் மாவுச்சத்துதான். எங்கேயாவது உடைஞ்ச நாற்காலியை மேசைன்னு சொல்லுவாங்களா?”

“அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ரெண்டு தடவை தள்ளிப்போச்சுங்க.”

“வருத்தமா இருக்கு” என்றார் இயக்குநர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டார். “பாருங்க, மக்களுக்கு எது தெரியணுமோ அதை டப்பா முன்னாடி போடறோம். எது தெரிய வேண்டாமோ அதைப் பின்னாடி போடறோம். எதையும் மறைக்கிறதில்ல. இதைவிட நேர்மையா ஒரு அரசாங்கம் எப்படி இருக்க முடியும்? திருப்பிப் படிக்காதது உங்க அக்கா தப்பு.”

“அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“அது கண் துறை.”

கடைசியில் இயக்குநர் மனமிரங்கி மறுசுவை அமர்வுக்கு ஒப்புக்கொண்டார். வாரியத்தின் வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஒரு நாக்கு தன் தீர்ப்பைத் தானே எதிர்த்து மனுச் செய்வது எந்தப் படிவத்தில் என்று பார்க்கவே மூன்று நாள் ஆயிற்று. மனுதாரர் நாக்கு எண் பதினான்கு, எதிர் மனுதாரர் நாக்கு எண் பதினான்கு என்று எழுதி, இரண்டு இடத்திலும் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அமர்வு முடியும்வரை மனுதாரரும் எதிர் மனுதாரரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்று ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

அமர்வு நாள். நாக்குக்காரர் இரவெல்லாம் யோசித்து ஒரு முழுப் பக்கம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்று முறை கொப்பளித்தார். உறுப்பினர்கள் எழுந்தார்கள். பவுடரை நாக்கில் வைத்தார்கள். பத்து எண்ணினார்கள். மணி அடித்தது.

“இனிக்கிறதா?”

“ஐயா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்...”

மணி அடித்தது. விதிப்பிரிவு அதிகாரி எழுந்து, அமர்வில் நாக்கு இரண்டு பதில்களில் ஒன்றைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தப்படக் கூடாது என்று படித்துக் காட்டினார். “இனிக்கிறது என்று சொன்னால்,” என்று அவரே தொடர்ந்தார், “முன்பு சொன்னது தவறு என்றாகும். அப்படியானால் பதினாறு வருட முத்திரைகளும் சந்தேகத்துக்கு உரியவை. பணிநீக்கம், விசாரணை. இது மிரட்டல் அல்ல, தகவல்.”

நாக்குக்காரர் தன் வாய்க்குள் இருப்பதைக் கவனித்தார். மாவு. வெறும் மாவு. இனிக்கவில்லை என்பதுதான் சத்தியமான உண்மை. பதினாறு வருடமாகச் சத்தியமான உண்மையைத்தான் சொல்லி வந்திருக்கிறார். அதில் ஒரு அக்காவின் கண் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவளையும் அவர் சொல்ல விடவில்லை. வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது. மகளின் கல்லூரி நினைவுக்கு வந்தது. எழுதி வந்த பக்கம் சட்டைப்பையில் உறுத்தியது.

“இனிக்கவில்லை” என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். இயக்குநர் பேசினார்: “ஒரு பண்டத்தை ஒருமுறை சுவைத்து நம்புவது வழக்கம். நம் நண்பரின் மனசாட்சி இருமுறை சுவைக்கவைத்தது. இரண்டு முறையும் ஒரே பதில். ஆகவே இந்தப் பவுடருக்கு நம் வாரியத்தின் முதல் இரட்டை நாக்கு முத்திரையை வழங்குகிறோம்.” கம்பெனிக்காரர் நாக்குக்காரரின் கையைக் குலுக்கி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய டப்பா கொடுத்தார். அதை அவர் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். காவலாளி பேருந்து நிறுத்தம் வரை மூச்சிரைக்க ஓடி வந்து, “மறந்துட்டீங்களே சார்!” என்று பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

அந்தப் பெட்டியோடுதான் வீட்டுக்குப் போனார். அக்கா துணியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். இவர் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பவுடர் என்ன பண்ணுகிறது என்று சொன்னார். அமர்வில் தான் என்ன சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். திட்டுவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தார். கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்போ நான் ஒண்ணும் தின்னலைன்னு உனக்கு இப்போ தெரியும்” என்றாள் அக்கா.

“தெரியும்க்கா.”

“சரி. முகம் கழுவிட்டு வா. சாப்பிடலாம்.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். எழுதியும் குடுக்கறேன். உன்னைத் திருடின்னு சொன்னதை அவர் வாயாலயே வாபஸ் வாங்க வைக்கிறேன்.”

“எழுதிக் குடுத்தா உன் வேலை என்னடா ஆகும்?”

“போனாப் போகட்டும்” என்றார். அவர் சொன்ன விதத்தை அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிறு வயதில் இருட்டுக்குப் பயமில்லை என்று அவர் சொல்லும்போதும் அவள் அப்படித்தான் கேட்பாள்.

மறுநாள் டாக்டர் முன்னால் ஒரு படிவம் இருந்தது. சர்க்கரை ஏறியதற்கான காரணம்: மூன்று கட்டங்கள். இனிப்புச் சாப்பிட்டது, மாத்திரை தவறியது, நடக்காதது. ஒன்றில் குறி போட்டால்தான் பெயர் பட்டியலில் நிற்கும்.

“டாக்டர், இது வேற மாதிரி...” என்று நாக்குக்காரர் ஆரம்பித்தார். சட்டைப்பைக்குக் கை போனது.

“சுருக்கமா சொல்லுங்க சார், வெளில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. இனிப்பா, மாத்திரையா, நடையா?”

“அது என்னன்னா...”

“இனிப்பு” என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “போன தடவை இல்லவே இல்லைன்னீங்களே?”

“பொய் சொன்னேன் டாக்டர். யாருக்கும் தெரியாம சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

பதினோரு வருடமாகத் தொடாத ஒன்றின் பெயரை யோசித்துச் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. “மிட்டாய்” என்றாள் கடைசியில்.

அந்தச் சற்று நேரத்தில் நாக்குக்காரர் பேசியிருக்கலாம். அறையில் மணி அடிக்க யாரும் இல்லை. விதி படிக்க யாரும் இல்லை. மனைவியும் இல்லை, இயக்குநரும் இல்லை. மடித்த காகிதம் கைக்குள்ளேயே இருந்தது. அவர் டாக்டர் மேசைமேல் இருந்த பேனாத் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி முன்னாடி இதைச் சொல்ல வெக்கமா இல்லையாம்மா?”

“வெக்கமாத்தான் இருக்கு டாக்டர்.”

“பரவால்ல, இப்பவாவது ஒத்துக்கிட்டீங்க. ஒத்துக்கிட்டாலே பாதி குணம். ஒரு மாசம் டைம் தரேன். வாயைக் கட்டிக்கிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்” என்று முதல் கட்டத்தில் குறி போட்டு, படிவத்தை நாக்குக்காரர் பக்கம் திருப்பினார். “குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து.”

காகிதத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு அவர் பேனாவை வாங்கினார். நோயாளி மறைத்து இனிப்பு உண்டதை நான் அறிவேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

டாக்டர் படிவத்தை மடித்து வைத்தார். “ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுக் கூடவே வந்திருக்கார். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா.”

“ஆமா டாக்டர்” என்றாள் அக்கா, சரியாகத் தெரியாத கண்களால் தம்பி நின்ற பக்கமாகத் திரும்பி, முகமெல்லாம் மலர்ந்து. அந்த அறையில் அவள் மனதாரச் சொன்னது அது ஒன்றுதான்.